மன்றம் திறப்போர் வாழ்க

மாத்தளை நகரிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே மூன்று கிலோமீற்றர் அளவில் போனால் அலுவிகாரை. பெரும் பாறைகளுக்கு இடையே குகைகள். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என்று சிங்கள மக்கள் அழைக்கும் வட்டகாமணி அபயன் காலத்தில், ஐந்நூறு பிக்குகள் இங்கே கூடினார்கள் என்பது மரபு. அதுவரை நாவிலிருந்து நாவுக்கு மட்டுமே வந்துகொண்டிருந்த திரிபிடகத்தை அவர்கள் ஓலையில் எழுதி முடித்தார்கள். தேரவாதம் பரவிய நாடுகள் எல்லாம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் சபை அது.

இந்த நாட்டில் கலந்துபேசும் மன்றங்களைத் திறந்து வளர்த்துவரும் பெரியோரே, உங்களைப் போற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஐந்நூறு பிக்குகளுக்கும் கைவராத கலைகள் உங்களுக்குக் கைவந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி உங்களை வாழ்த்துகிறேன்.

முதலாவது, தொடங்கும் ஆற்றல். பிக்குகள் அலுவிகாரையில் ஒரே ஒரு மன்றத்தைத்தான் கூட்டினார்கள். எடுத்த வேலையை முடித்துவிட்டபடியால் அதே வேலைக்கு இன்னொன்றைக் கூட்டும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. உங்களுக்கு அந்தக் குறை இல்லை. 1984 ஜனவரியில் கொழும்பில் சர்வகட்சி மாநாட்டைத் திறந்தீர்கள். அந்த வருடம் முடியும்போது அதுவும் முடிந்தது. 1985இல் திம்புவில் பேச்சு. 1989இல் மறுபடியும் சர்வகட்சி மாநாடு. 1991இல் மங்கள முனசிங்க தலைமையில் பாராளுமன்றத் தெரிவுக்குழு. 2002 செப்டெம்பர் முதல் 2003 மார்ச் வரை தாய்லாந்து, ஒஸ்லோ, பேர்லின், ஹக்கோனே என்று ஆறு சுற்றுப் பேச்சு. 2006இல் சர்வகட்சிப் பிரதிநிதிகள் குழு. 2016இல் பாராளுமன்றத்தையே அரசியலமைப்புப் பேரவையாக மாற்றினீர்கள். 2022 டிசெம்பரில் பழையபடி சர்வகட்சி மாநாடு. 75ஆவது சுதந்திர தினத்துக்கு முன் தீர்வு என்றீர்கள். சுதந்திர தினம் சொன்ன திகதியில் தவறாமல் வந்தது.

அதிகாரத்தை எப்படிப் பகிர்வது என்ற ஒரே கேள்வியை நாற்பது வருடம் புதுக்கேள்வியாகவே வைத்திருப்பது சாதாரண காரியமல்ல. முந்தைய மன்றத்தின் மேசையில் விட்டுப்போன தாள்களைப் பாராமல் அடுத்த மன்றத்தின் மேசைக்குப் போகும் மன உறுதி வேண்டும். அது உங்களிடம் நிறைய இருக்கிறது.

இரண்டாவது, அழைக்கும் நாகரிகம். இதில் அந்தப் பிக்குகள் உங்களிடம் நிறையக் கற்றிருக்கலாம். அவர்கள் காலத்தில் கொடும் பஞ்சம் வந்தது. ஓதி மனனம் செய்த துறவிகள் பலர் மாண்டார்கள். திரிபிடகத்தின் ஒரு பகுதியான மகாநித்தேசத்தை முழுக்க அறிந்தவர் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். அவரோ ஒழுக்கம் கெட்டவர் என்று பெயரெடுத்தவர். அவரிடம் போய்ப் பாடம் கேட்க மூத்த தேரர் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் மற்றவர்கள் அவரை வற்புறுத்தி அனுப்பினார்கள். அவரும் போய்க் கற்றுவந்தார் என்று வினய உரை சொல்கிறது. பிடிக்காதவனிடம் இருந்தாலும் தேவையானது அவனிடம்தான் இருக்கிறது என்றால் அவனிடமே போக வேண்டும் என்று அந்தக் காலத்தில் நினைத்திருக்கிறார்கள்.

நீங்கள் அப்படிச் சங்கடப்பட்டதில்லை. 2006இன் குழுவுக்குச் சர்வகட்சி என்று பெயர் வைத்தீர்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பை அழைக்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சியும் மக்கள் விடுதலை முன்னணியும் அதில் நிலைத்து நிற்கவில்லை. தமிழர் பிரச்சினை பற்றிப் பேசும் சர்வகட்சி மேசையில் தமிழர் பெருவாரியாக வாக்களித்த கட்சி இல்லாதபடியால் குறுக்கீடு குறைந்தது, அமைதி நிலவியது.

இந்த நாகரிகத்தில் உங்கள் முன்னோர் இன்னும் மேலானவர்கள். மாத்தளை மலைகளில் கோப்பியும் பிறகு தேயிலையும் இறப்பரும் வளர்த்த மக்களைப் பற்றி 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1974இல், அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். அந்த இலட்சக்கணக்கானோரில் ஒருவரையும் அந்த மேசைக்கு அழைத்து அலைக்கழிக்கவில்லை. தோட்டத்துப் பெயர்ப்பதிவில் ஒரே லயத்து அண்ணனும் தம்பியும் இரண்டு நாட்டவர் ஆகும் அளவுக்குக் கணக்கு நுணுக்கமாக இருந்தது.

மூன்றாவது, வளர்க்கும் கலை. மன்றத்தைத் திறப்பது எல்லோராலும் முடியும். அதைக் கிளை விடச் செய்ய உங்களால்தான் முடியும். அலுவிகாரைப் பிக்குகள் ஓதுவதும் சரிபார்ப்பதும் எழுதுவதுமாக ஒரே சபையாக இருந்துவிட்டார்கள். நீங்கள் 2006இல் பிரதிநிதிகள் குழுவுக்குத் துணையாகப் பதினேழு பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்தீர்கள். பதினேழு பேரும் சேர்ந்து நான்கு அறிக்கைகள் தந்தார்கள். 2016இல் மக்கள் கருத்தறிய இருபது பேர் கொண்ட குழு, பேரவைக்கு வழிநடத்தல் குழு, அதற்குக் கீழே ஆறு உபகுழுக்கள் என்று மன்றம் தழைத்தது. 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கை வந்தது. இறுதி அரசியலமைப்பு ஒன்றைத் தவிர ஏனைய எல்லாம் அந்த மன்றத்தில் பிறந்தன.

உங்கள் வளர்ப்புக் கலையின் உச்சம் 2018 ஆகஸ்ட். மாகாண சபைத் தேர்தலைப் புதிய முறையில் நடத்துவதற்கென்று ஒரு குழு எல்லைகளை வகுத்து அறிக்கை தந்தது. அது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றும் இல்லை. அறிக்கையைச் சபையில் சமர்ப்பித்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மனதாக நின்ற அரிய நாள் அது. அதோடு நிறுத்தாமல், அந்த அறிக்கையை மீளாய்வு செய்யப் பிரதமர் தலைமையில் இன்னொரு குழுவும் உருவாயிற்று. அந்தக் குழு அறிக்கை தரவில்லை. அதே வருடம் ஒக்டோபரில் வடமாகாண சபையின் காலம் முடிந்தது. தேர்தல் வருடக்கணக்காகத் தள்ளிப்போனது. 1987இல் அரசியலமைப்பில் எழுதிய ஒரு சபையை அரசியலமைப்பில் அழியாமலும் ஊரில் இல்லாமலும் வைத்திருக்க இத்தனை குழுக்கள் உழைத்திருக்கின்றன.

நான்காவது, எழுந்துபோகும் அழகு. இதில் மட்டும் உங்களிடையே கட்சி பேதமோ இன பேதமோ இல்லை. 2000 ஆகஸ்டில் புதிய அரசியலமைப்பு வரைபு பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளைச் சபைக்குள்ளேயே கொளுத்தினார்கள். 2003 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினார்கள். அதற்கெல்லாம் வெகுமுன்பே, 1957இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தை அடுத்த வருடமே, பிக்குகள் தன் வீட்டு வாசலில் வந்து அமர்ந்தபோது, பண்டாரநாயக்க கைவிட்டார். திரிபிடகத்தை எழுத அமர்ந்தவர்களின் வழிவந்தவர்கள், எழுதியதை அழிப்பதற்காகவும் அமர முடியும் என்று அன்று காட்டினார்கள்.

ஐந்தாவது, செவிமடுக்கும் பொறுமை. இதைச் சொல்லும்போது என் மனம் கனக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் உங்கள் புகழ் முழுமை அடையாது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்குப் போனது. தாய்மார் வரிசையில் நின்று, படையினர் கையில் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். 2013இல் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. அவர்கள் முதலிலிருந்து சொன்னார்கள். 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி வந்தது, அங்கும் சொன்னார்கள். 2018இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கு ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள், அவர்களிடமும் சொன்னார்கள். ஒரு தாயின் ஒரே கதையை இத்தனை தரம் கேட்டும் உங்களுக்குச் சலிக்கவில்லை. பதில் சொல்லிவிட்டால் அவள் மறுபடியும் வரமாட்டாளே என்ற கவலை உங்களுக்கு இருந்ததோ என்னவோ.

அலுவிகாரையைத் தாண்டி வடக்கே ஓடும் இதே ஏ-9 வீதியில், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி அந்தத் தாய்மார் தாங்களே ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அது ஒரு மன்றம்தான். அதற்கு உபகுழு இல்லை. வாகன அனுமதி இல்லை. திறப்பு விழா இல்லை. கேள்வி மட்டும் இருந்தது. அங்கே உட்கார்ந்தவர்களில் பலர் பதில் கேளாமலே இறந்துபோனார்கள். உங்கள் பொறுமை அவர்களுடைய ஆயுளைவிட நீண்டது.

மலையகத்திலும் அதே பொறுமையைத்தான் பார்த்தோம். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் பேச்சு மேசைக்கு வந்தது. தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் அரசாங்கமும் சுற்றுச் சுற்றாகப் பேசின. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் வர்த்தமானியில் வந்தது. அடுத்த வருடமே ரூபா சரிந்து, அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குப் போயின. ஆயிரம் ரூபாவைப் பற்றி ஆயிரம் ரூபாவின் பெறுமதி போகும்வரை நிதானமாகப் பேசியிருக்கிறீர்கள்.

கடைசியாக, ஆவணம் காக்கும் திறன். பிக்குகள் எழுதியதைக் காப்பது பெரும்பாடு. தாளிப்பனைக் குருத்தை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியால் கீறி, மை தேய்த்துத் துடைக்க வேண்டும். ஏடு நொய்ந்தால் பார்த்துப் படியெடுக்க வேண்டும். அவர்கள் எழுதியதைப் பலர் படித்தார்கள், படியெடுத்தார்கள், கடல் கடந்தும் கொண்டுபோனார்கள். அலுவிகாரையில் இருந்த ஏடுகள் 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அழிந்தன. அவற்றை அழிக்க ஓர் ஏகாதிபத்தியத்தின் படையே வர வேண்டியிருந்தது. அப்படியும் பாடம் அழியவில்லை. அதற்குள் அது பல நாடுகளுக்குப் போய்விட்டது.

உங்கள் ஏடுகளுக்கு அந்த ஆபத்து இல்லை. சர்வகட்சிப் பிரதிநிதிகள் குழு நூற்றுக்கும் மேற்பட்ட தடவை கூடியது. திஸ்ஸ விதாரண தலைமையில் மூன்று வருடம் பேசி ஓர் இறுதி அறிக்கைக்கு வந்தது. அந்த அறிக்கையை ஜனாதிபதி வெளியிடவில்லை. 2010இல் அந்தக் குழுவில் இருந்த இருவர், யோகராஜனும் நிசாம் காரியப்பரும், தங்கள் பொறுப்பில் அதை வெளியிட வேண்டியிருந்தது. படை வேண்டாம், நெருப்பு வேண்டாம். ஒரு மேசை லாச்சியும் அதற்கு ஒரு திறப்பும் இருந்தால் மூன்று வருடப் பேச்சைப் பத்திரமாக வைத்துவிடலாம் என்று கண்டுபிடித்தீர்கள்.

இத்தனை கலைகளும் ஓரிடத்தில் சேர்ந்த பெரியோரை இந்தத் தீவு இதற்குமுன் கண்டதில்லை. பஞ்சத்திலும் படையெடுப்பிலும் அரச ஆதரவு தளர்ந்த காலத்திலும் கூடியவர்கள் ஒரு சபையில் வேலையை முடித்தார்கள். மண்டபமும் வாகனமும் நிபுணரும் வெளிநாட்டு உதவியும் இருந்த நீங்கள் நாற்பது வருடமாக முடிக்காமல் காத்தீர்கள். இரண்டில் எது கடினம் என்று மாத்தளைப் பக்கம் வரும் எவரும் அந்தப் பாறைகளைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. புதிதாக ஒரு மன்றத்தைத் திறக்கும் எண்ணம் உங்களுக்கு மறுபடியும் வரும். அதற்குமுன், இதுவரை எழுதிய அறிக்கைகள் அத்தனையையும் மூன்று மொழியிலும் அரசாங்கத்தின் பெயரால் வெளியிடுங்கள். எவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறீர்களோ அவர்களுக்கு மேசையில் நாற்காலி போடுங்கள். பேச்சு முடியும் திகதியையும், முடிவை நிறைவேற்றப்போகிறவரின் பெயரையும் முதல் நாளே அறிவியுங்கள். அந்தத் தாய்மாரிடம் இன்னொரு தடவை கதை கேட்காமல், ஏற்கெனவே சொன்ன கதைக்குப் பதில் கொடுங்கள். திறந்த மன்றங்களால் வரவேண்டிய புகழ் உங்களுக்குப் போதுமான அளவு வந்துவிட்டது. இனி ஒன்றையாவது முடியுங்கள்.