தோல் யார் வீட்டுச் சீதனம்?

கேள்வி: நான்கு வயது மகனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் ஓயாத அரிப்பு. டாக்டர் எக்ஸிமா என்கிறார். "எங்கள் பரம்பரையிலேயே இப்படித் தோல் கிடையாது, உன் வீட்டிலிருந்துதான் வந்தது" என்கிறார் மாமியார். அப்படியா?
— ஒரு தாய், சிம்பாங் அம்பாட்

பதில்: பிள்ளையின் மரபணுக்களில் பாதி உங்களுடையது, பாதி அவர் மகனுடையது. விசாரணை என்று வந்தால் இரண்டு வீட்டையும்தான் விசாரிக்க வேண்டும்.

ஃபிலாக்ரின் என்றொரு புரதம் நம் தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடிக்கிறது. அது சிதைந்து உண்டாகும் பொருள்கள் தோலில் ஈரத்தைத் தேக்குகின்றன. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் பழுது இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீனும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்டார்கள். புரதம் குறைந்தால் உள்ளே உள்ள ஈரம் வெளியேறும். வெளியே உள்ள சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே நுழையும்.

இந்தப் பழுதைச் சுமக்கும் பலருக்கு வாழ்நாள் முழுக்க எக்ஸிமா வருவதே இல்லை. அதனால் "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை" என்பது சாட்சியாகாது. பழுதே இல்லாத பிள்ளைகளுக்கும் வருகிறது. வேறு பல மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு. எக்ஸிமா, ஆஸ்துமா, மூக்கு ஒவ்வாமை மூன்றும் ஒரே குடும்பத்துக்குள் சுற்றி வருபவை. விடிந்ததும் அடுக்கடுக்காகத் தும்மும் தாத்தா, இழுப்புக்கு மருந்து உறிஞ்சும் சித்தப்பா யாராவது அந்தப் பக்கம் இருக்கிறார்களா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

இரவெல்லாம் சொறிந்து புரளும் பிள்ளைக்கு இந்த வழக்கில் யார் ஜெயித்தாலும் பயனில்லை. குளித்த ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத களிம்பை உடம்பு முழுக்கத் தடவ இன்னொரு ஜோடிக் கை வேண்டும். அது பாட்டியின் கையாக இருக்கட்டும்.

கேள்வி: என் உள்ளங்கையில் குறுக்கும் நெடுக்குமாக ஏகப்பட்ட ரேகைகள். கையைப் பார்த்த உடனே தோல் டாக்டர், "சின்ன வயதிலிருந்தே வறண்ட தோலா?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தார்?
— இளைஞர், ஜாவி

பதில்: ரேகை பார்த்துத்தான். அளவுக்கு மீறிக் கோடோடிய உள்ளங்கை, ஃபிலாக்ரின் பழுதின் அடையாளங்களில் ஒன்று. முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் மெல்லிய செதில், மேல்கையில் சொரசொரப்பான சிறு முடிச்சுகள் இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ரேகையை மட்டும் வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் தோட்டத்தில் பால் மரம் சீவிய காலத்தில் இந்த அரிப்பெல்லாம் ஏது? இப்போது பேரப்பிள்ளைகள் எல்லாரும் களிம்பும் கையுமாக இருக்கிறார்கள். பரம்பரை என்றால் எங்களுக்கு அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்?
— பாட்டி, வால்டோர்

பதில்: பாட்டி, அருமையான கேள்வி. இரண்டு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. ஆனால் நம் சிம்பாங் அம்பாட் வட்டாரமே மாறிவிட்டது. தோட்டம் இருந்த இடத்தில் தாமான் வீடுகள், அந்தப் பக்கம் பத்து காவானில் தொழிற்சாலைகள், 2014இல் திறந்த பினாங்கின் இரண்டாவது பாலம். வீட்டுக்குள் ஏர்கோன், நாளுக்கு மூன்று குளியல், ஒவ்வொன்றுக்கும் நுரை பொங்கும் வாசனைச் சோப்பு. நல்ல தோல் இலேசான அமிலத்தன்மை உடையது. சாதாரணச் சோப்போ காரம். பலவீனமான தோலைப் பரம்பரையாகப் பெற்றவருக்கு அந்தக் காரமே போதும். நகரமாகும் இடங்களில் எக்ஸிமா கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு எக்ஸிமா இருந்தால், மற்றவருக்கும் இருப்பது ஏறத்தாழ 72 விழுக்காடு. தனித்தனிக் கருவிலிருந்து வந்தவர்களில் அது 23 விழுக்காடுதான். பரம்பரைக்கு எவ்வளவு பலம் என்று இதில் தெரிகிறது. ஆனால் மரபணு அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் கால்வாசிப் பேருக்கு மேல் தப்பித்துக்கொள்கிறார்கள், பாருங்கள். நம் கை ஓங்கக்கூடிய இடம் அதுதான்.

அந்தக் காலத்தில் அரிப்பே இல்லை என்பதையும் நான் முழுதாக ஒப்பமாட்டேன். சொறி, சிரங்கு, கரப்பான் என்று எத்தனை பேர் வைத்தியம் பார்த்தீர்கள்?

கேள்வி: முகத்தில் எதைத் தடவினாலும் எரிகிறது, குத்துகிறது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் "எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறார்கள்.
— கல்லூரி மாணவி, நிபோங் திபால்

பதில்: பிரமை அல்ல. சாதாரணமாக யாரையும் உறுத்தாத பொருள் உறுத்துவதுதான் உணர்திறன் மிக்க தோல். சிவப்போ தடிப்போ தெரியாமலும் அது இருக்கலாம் என்பது நிபுணர்களின் வரையறை. மிளகாய் பட்டால் எரிவதும் சுடுநீர் பட்டால் சுடுவதும் நரம்பு நுனியில் உள்ள ஒரே உணர்வியால். 1997இல் அதை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிலருடைய தோலில் இந்த உணர்வி சட்டென்று விழித்துக்கொள்கிறது என்று கருதுகிறார்கள். இதற்கென்று ஒற்றை மரபணு எதுவும் பிடிபடவில்லை. பூசுவதை எல்லாம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குங்கள். குற்றவாளி தானே அகப்படும்.

கேள்வி: எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்து என் தோலுக்கு ஏற்ற கிரீம் சொல்கிறார்களாம். வாங்கலாமா?
— வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: அந்த ரிங்கிட்டுக்கு நல்ல களிம்பு வாங்குங்கள். ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள ஃபிலாக்ரின் பழுதுகள் வேறு, ஆசியரிடம் உள்ளவை வேறு. சிங்கப்பூர்ச் சீனரிடம் செய்த ஆய்வொன்று 2011இலேயே அதைக் காட்டியது. ஐரோப்பியப் பட்டியலை வைத்துத் தேடி "பழுதில்லை" என்று வந்தால் அதற்கு நம்மிடம் பொருளில்லை. "பழுதுண்டு" என்று வந்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை.

கேள்வி: பசார் மாலாமில் வாங்கிய கிரீம், மூன்றே நாளில் முகம் பளபளக்கிறது. தொடரலாமா?
— பெயர் வேண்டாம்

பதில்: இன்றே நிறுத்துங்கள். பாதரசம், ஹைட்ரோகுயினோன் கலந்த கிரீம்களைப் பற்றி நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை எச்சரித்துள்ளது. டப்பாவில் அறிவிப்பு எண் உண்டா, அது அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கையுறை. கை வெடித்துவிட்டது. "உனக்குச் சின்ன வயதிலேயே எக்ஸிமா, அதனால் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்கிறார் மேற்பார்வையாளர்.
— ஒரு தங்கை, பத்து காவான்

பதில்: முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி தவறு. சிறுவயது எக்ஸிமா இருந்தவர்களுக்குக் கை வெடிக்கும் வாய்ப்பு அதிகம். வெடிக்க வைப்பது வேலைதான். உள்ளே தேங்கும் வியர்வை ஒரு காரணம். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் வகை ரசாயனங்கள் இன்னொன்று; அவை நைட்ரில் கையுறையிலும் இருக்கலாம். பஞ்சுக் கையுறையை உள்ளே போட்டுப் பாருங்கள், எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்று காட்டும் ஒட்டுச் சோதனைக்குத் தோல் மருத்துவரிடம் பரிந்துரை கேளுங்கள். வேலையால் வரும் தோல் நோய், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. பரம்பரையைக் காட்டி உங்கள் உரிமையை யாரும் தட்டிப் பறிக்க விடாதீர்கள்.

கேள்வி: மாமன் மகனைக் கட்டினால் பிள்ளைக்குத் தோல் நோய் வருமா?
— மணப்பெண், சிம்பாங் அம்பாட்

பதில்: எக்ஸிமாவுக்குப் பயந்து கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். உடம்பெல்லாம் தடித்த செதிலோடு பிறக்கும் சில அரிய நோய்கள் வேறு வகை: தாய், தகப்பன் இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 விழுக்காடு ஆபத்து. உறவுக்குள் மணந்தால் இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடும். இரு வீட்டிலும் அப்படி ஒரு குழந்தை பிறந்ததுண்டா என்று பெரியவர்களைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். உண்டென்றால், தேதி குறிக்கும் முன் மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

கேள்வி: எக்ஸிமாவுக்காக முட்டை, இறால், கருவாடு, கத்தரிக்காய், பால் எல்லாம் நிறுத்திவிட்டோம். அரிப்பு குறையவில்லை, பிள்ளை மெலிந்துவிட்டாள்.
— ஒரு தகப்பன், சிம்பாங் அம்பாட்

பதில்: அரிப்பு குறையவில்லை என்பதே உங்களுக்கான பதில். எக்ஸிமா உள்ள பிள்ளைகளில் சிலருக்குத்தான் உணவு அதைக் கிளறுகிறது. ஆனால் நெடுநாள் நிறுத்திய முட்டையையும் பாலையும் நீங்களாகத் திடீரென்று கொடுக்காதீர்கள். சில பிள்ளைகளுக்குக் கடும் ஒவ்வாமை வரலாம். மருத்துவரிடம் காட்டி, ஒவ்வொன்றாக, அவர் சொல்லும் அளவில் திருப்பிக் கொடுங்கள். வளரும் பிள்ளை, தாமதிக்க வேண்டாம்.