கொசுக்கடித் தடிப்பில் நகக்குறி இடும் மரபு: ஒரு விசாரணை

கொசு கடித்த இடத்தில் கட்டைவிரல் நகத்தால் பெருக்கல் குறி போடும் வழக்கம் தமிழகத்தில் எப்போது தோன்றியது என்பதற்குக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. தோலில் எழுதி அரைமணியில் மறையும் ஆவணத்துக்கு வேறென்ன சான்று கிடைக்கும்? ஒருவரும் சொல்லித்தராமலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை இதைச் செய்வதால், இது கர்ணபரம்பரை அன்று, நகபரம்பரை எனத் துணியலாம். ஒற்றைக் கோடே போதும் என்பாரும் உளர். அது பாடபேதம்.

குறி இட்டால் 'விஷம் இறங்கிவிடும்' என்பது பாட்டிமார் உரை. அது பொருந்தாது. கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர ரத்தத்தின் புரதம் அதற்கு வேண்டும். உறிஞ்சும்போது ரத்தம் உறையாதிருக்கத் தன் எச்சிலை நம் தோலுக்குள் விட்டுப்போகிறது. அதை அந்நியச் சரக்கென்று கண்ட உடம்பு ஹிஸ்டமினைச் சுரக்கிறது. தடிப்பும் அரிப்பும் அதன் விளைவு. நகக்குறி எச்சிலை எங்கும் இறக்குவதில்லை. நகம் தரும் வலி, அரிப்பின் சேதியைத் தண்டுவடத்திலேயே சற்று மறித்து வைக்கிறது, அவ்வளவே. நகத்தை எடுத்த கொஞ்ச நேரத்தில் சேதி மறுபடி புறப்பட்டுவிடும்.

எச்சிலால் வந்ததை எச்சிலாலேயே தீர்ப்போம் என்று தொட்டுத் தடவுவோர் தனிக்கட்சி. வெற்றிலைச் சுண்ணாம்பு வைப்போர் இன்னொரு கட்சி. இவர்களுக்குத் தோல் வெந்த பின் அரிப்பு நினைவிருப்பதில்லை. ஐஸ்கட்டியும் காலமைனும் உண்மையிலேயே கேட்கும். எனவே அவற்றில் விவாதத்துக்கு இடமில்லை, ஆய்வாளருக்குப் பயனுமில்லை.

கொசுக்கடிக்குக் கூலி பெற்றவரும் உண்டு. 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தக் கொசுக்களுக்கு உடம்பைக் கொடுத்த நோயாளி உசேன் கானுக்குக் கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. அதில் அரிப்புப்படியும் அடக்கம் என்றே கொள்ள வேண்டும். ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு.

கடிபடாமல் தடுக்கும் முறைகளுள் கொசுவத்திச் சுருள் ஒன்றே இங்கு விரித்துரைக்கத் தக்கது. இரண்டு சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். மூச்சை அடக்கி, நடுவில் விரலை வைத்து, பதமாகத் திருகிப் பிரித்தால் மூன்றாக உடையும். தகரத் தாங்கியும் இதற்குள் தொலைந்திருக்குமாதலால் உடைந்த துண்டை உப்புக் கிண்ணத்தில் செருகிக் கொளுத்துவர். மாலை ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்துவதும் மரபே. பகலிலேயே உள்ளே வந்துவிட்ட ஏடிஸ் கொசுவை இது பத்திரமாகப் பூட்டி வைக்கிறது.

இவை அனைத்தினும் எளியது மின்விசிறி. கொசு பறப்பதில் பலவீனம். காற்றை எதிர்த்து வராது. நம் மூச்சின் கரியமில வாயுவை மோப்பம் பிடித்து வரும் அதற்கு, காற்றில் அந்தத் தடமும் கலைந்துபோகும். எனில் விசிறியை ஐந்தில் வைப்பதா, இரண்டில் வைத்துப் போர்த்திக்கொள்வதா என்ற வினா எழும். இது குடும்பநல நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால் இவ்வாய்வு விலகிக்கொள்கிறது.