ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆசாமி

எங்கள் ஊர் பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஜெயித்த மறுநாள் காலை இவர் கண்ணில் படாமல் யாரும் லிஃப்டைத் தாண்ட முடியாது. எத்தனை ரன், யார் அடித்தது என்பதெல்லாம் இவருக்கு அப்புறம்தான். முதல் கேள்வி ஒன்றே ஒன்று: "எந்த இன்னிங்ஸ்ல தூங்கப் போனீங்க?"

யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். "ஆறாவது" என்றால் மனித ஜாதியிலிருந்தே தள்ளி வைத்துவிடுவார். "ஏழாவது" என்றால் கொஞ்சம் இரக்கம் காட்டுவார், பிள்ளைகுட்டிக்காரர், போகட்டும். "எட்டாவது" என்பதுதான் மகாபாவம். அத்தனை நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இன்னும் இருபது நிமிஷம் பொறுக்க முடியாதவருக்கு வந்தது தூக்கமில்லை, துரோகம். "முழுசாப் பார்த்தேன்" என்று பொய் சொல்லியும் தப்ப முடியாது. "அப்படியா? ரெண்டு அவுட்டுக்கு அப்புறம் பேஸ்ல நின்னது யாரு?" என்று குறுக்கு விசாரணை தொடங்கிவிடும்.

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் ஆட்டம் என்றால் பிட்ஸ்பர்கில் இரவு பத்து மணியளவில்தான் முதல் பந்தே விழும். அதற்கும் சலுகை கிடையாது. உறவுக்காரர் வீட்டுச் சாவுக்குப் போயிருந்த ஒருவரிடம் முறைப்படி துக்கம் விசாரித்துவிட்டு, "போன்ல பார்த்திருக்கலாமே" என்றார்.

இவர் வேதம் 28 ஜூலை 2001. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 8, பைரேட்ஸ் 2. கடைசி இன்னிங்ஸ், ரெண்டு அவுட், பேஸில் ஒரு ஆள்கூட இல்லை. அங்கிருந்து ஏழு ரன். பிரையன் ஜைல்ஸ் மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடித்த ஹோம் ரன்னோடு ஆட்டம் 9-8 என்று முடிந்தது. அன்று நேரில் இருந்ததாக இவர் சொல்கிறார். இந்த ஊரில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். பிஎன்சி பார்க்கில் சுமார் 38,000 இருக்கைகள். இருந்ததாகச் சொல்பவர்களை எல்லாம் உட்கார வைப்பதென்றால் பக்கத்து அலிகெனி ஆற்றிலும் நாற்காலி போட வேண்டும். அந்த ஆண்டு அணி 100 ஆட்டங்களில் தோற்றதை இவரிடம் சொல்லிப் பாருங்கள். "அந்த நூறுலயும் நீங்க எந்திரிச்சுப் போயிருப்பீங்க" என்பார்.

ஏப்ரலில்தான் இவர் உச்சத்தில் இருப்பார். பின்தங்கிக் கிடந்து ஜெயித்த ஆட்டம் ரெண்டு மூன்று சேர்ந்துவிட்டால் போதும், "இந்த வருஷம் டீமே வேற" என்று கால்குலேட்டரைக் கையில் எடுப்பார். 2021இல் 101 தோல்வி, 2022இல் 100 தோல்வி கண்ட அணி, 2023இல் முதல் 28 ஆட்டங்களில் 20இல் ஜெயித்தது. அந்த வேகத்தை 162 ஆட்டங்களுக்கு நீட்டினார். 116 வெற்றி வந்தது. 1906இல் சிகாகோ கப்ஸும் 2001இல் சியாட்டில் மரினர்ஸும் எட்டிய சாதனை எண்ணும் அதே 116தான். அத்தோடு கால்குலேட்டரை உறையில் போட்டவர், பிறகு எடுக்கவே இல்லை. சீஸன் முடிந்தபோது 76 வெற்றி, 86 தோல்வி. மீதி 134 ஆட்டங்களில் 56தான் தேறியது.

இவரைக் கிண்டல் செய்வது எளிது. ஆனால் இவர் மனைவி ஒரு நாள் சொன்னது: 1992 அக்டோபரில், அட்லாண்டாவோடு தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம். எட்டு இன்னிங்ஸ் முடிந்து பைரேட்ஸ் 2-0 முன்னிலை. காலையில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று இவரைப் படுக்கைக்கு விரட்டிவிட்டார்கள். கடைசி இன்னிங்ஸில் அட்லாண்டா மூன்று ரன் எடுத்து உலகத் தொடருக்குப் போய்விட்டது. அடுத்த 20 சீஸன்களிலும் பைரேட்ஸ் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். தூங்கப் போனவர்களை இவர் சும்மா விடாததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

எனக்குக் கோபம் இவர்மேல் இல்லை. பின்னாலிருந்து வந்து ஜெயிப்பதற்கு முதலில் பின்னால் போக வேண்டும். மூன்றாவது இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் விட்டுக்கொடுப்பது வீரமில்லை. நல்ல பிட்சருக்குக் காசு கொடுக்கவில்லை என்று அர்த்தம். பேஸ்பாலில் அணிகளின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பும் இல்லை, இவ்வளவாவது செலவழித்தாக வேண்டும் என்ற கீழ்வரம்பும் இல்லை. பல ஆண்டுகளாகச் சம்பளச் செலவுப் பட்டியலின் அடிமட்டத்திலேயே சௌகரியமாகக் குடியிருக்கிறது இந்த அணி. 2018 ஜனவரியில், ஒரே மாதத்தில், நட்சத்திர வீரர்களான கெரிட் கோலையும் ஆண்ட்ரூ மெக்கச்சனையும் வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டது. உலகத் தொடரைக் கடைசியாக வென்றது 1979இல். இவரைப் போன்றவர்கள் ஏப்ரலில் நாலு ஆட்டம் போதும் என்று டிக்கெட் வாங்குகிற வரைக்கும், நாலு ஆட்டத்துக்கு மேல் எதற்குச் செலவழிக்க வேண்டும்?

ஒரே ஒரு வருஷமாவது ஆரம்பத்திலேயே ஐந்து ரன் முன்னால் போய், கடைசிவரை அங்கேயே நின்று காட்டுங்கள் ஐயா. இந்த மனிதர் வேளையோடு தூங்கட்டும். நாங்களும் நிம்மதியாக லிஃப்டில் ஏறுவோம்.