கக்கூஸ் டொக்டர்

புனர்வாழ்வு மருத்துவம் படிக்கிற பிள்ளை ஒன்று உங்கள் வீட்டு விறாந்தையில் செருப்பைக் கழற்றினால், தேத்தண்ணி வருவதற்கு முதல் என்ன கேட்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"மாமி, உங்கட கக்கூஸ் எந்தப் பக்கம்?"

ராகமையிலிருந்து இரவு ரயிலில் வந்த பிள்ளை, வயிறு என்ன பாடோ என்று மாமி பதறிப்போய்ப் பின்வளவைக் காட்டுவா. தொட்டியில் தண்ணீர் கிடக்கிறதா என்று அவவுக்குக் கவலை. தம்பி போவார். கதவு சாத்துகிற சத்தம் கேட்காது. வாசல்படியைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். காற்சட்டைப் பையிலிருந்து தையல்காரர் நாடா ஒன்றை உருவி நிலையின் அகலத்தை அளப்பார். சுவரை இரண்டு மூன்று இடத்தில் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பார். பிறகு ஒரு அலுவலும் முடிக்காமல் திரும்பி வந்து கதிரையில் இருந்துகொண்டு, "சில்லுக் கதிரை உள்ளுக்குப் போகாது மாமி" என்று கவலையோடு அறிவிப்பார்.

அந்த வீட்டில் சில்லுக் கதிரையில் இருப்பவர் எவரும் இல்லை. மாமி போன வெள்ளிக்கிழமைதான் கோட்டை வாசலில் ஓட்டோவை விட்டிறங்கி, மான்களுக்கு நடுவே நடந்து, கோணேசர் கோயில் படியெல்லாம் ஏறி அர்ச்சனை செய்துவிட்டு வந்தவ. அதைச் சொன்னால் தம்பி விடுவாரா?

"இப்ப ஏறுறீங்கள் மாமி. பிறகு?"

மாமி அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை.

எதற்காக இந்த ஆராய்ச்சி என்று கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்கக்கூடாது, தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. 1965 இல் அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் மஹோனி என்ற டொக்டரும் டொரத்தியா பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் ஒரு புள்ளித்திட்டம் வெளியிட்டார்களாம். ஒரு நோயாளி தன் அலுவலைத் தானே பார்க்கிறாரா என்று அளக்க நூறு புள்ளி. தம்பி விரல் மடித்து எண்ணினார். முகம் கழுவித் தலை இழுக்க 5. குளிக்க 5. சாப்பிட 10. உடுக்க 10. படி ஏற 10. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற 15. நடக்க 15. மிச்சம்? மலத்தை அடக்க 10, சலத்தை அடக்க 10, கக்கூசுக்குப் போய்க் கழுவி உடுப்பைச் சரிபண்ணிக்கொண்டு வர 10.

"நூறில முப்பது அங்கதான் மாமா!"

எங்கள் ஓ.எல். சோதனையில் 35 எடுத்தால் பாஸ். இன்னும் ஐந்து புள்ளிதான் தேவை என்று நான் சொன்ன பகிடிக்கு அவர் சிரிக்கவில்லை. "அந்த அஞ்சு குளிக்கிறதில வரும்" என்றார்.

இந்த வகையை ஊர் எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று தெரியாமல் தடுமாறுகிறது. இருதய டொக்டர் என்றால் எழும்பி நிற்கிறோம். பிள்ளைப்பேற்று டொக்டர் என்றால் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். இவரிடம் ஓர்ஸ்ஹில் பெரியவர் ஒருவர் நடத்திய விசாரணை என் காதால் கேட்டது.

"தம்பி என்ன ஸ்பெஷல் செய்யிறீர்?"

"ரீஹாப், அங்கிள்."

"ஆ, குடிகாரரைத் திருத்திற இடம்."

"அது வேற அங்கிள். ஸ்ட்ரோக் வந்த ஆக்கள், முள்ளந்தண்டு முறிஞ்ச ஆக்கள், கால் எடுத்த ஆக்கள்…"

"ஓ, எலும்பு. ஓப்பரேஷன் செய்வீரோ?"

"இல்லை."

"மருந்து?"

"கொஞ்சம்."

"அப்ப பிசியோ."

"பிசியோ எங்களோட வேலை செய்யிறவை அங்கிள். ஓ.டி. இருக்கினம், பேச்சுக்கு ஆக்கள் இருக்கினம், கால் செய்யிறவை…"

"அப்ப நீர் என்ன செய்யிறீர்?"

தம்பி இதற்குப் பதில் சொல்ல வாயெடுக்குமுன் பெரியவர் தன் முழங்காலை நீட்டிவிட்டார். இலங்கையில் இந்தத் துறை தனியாக நிற்பதில்லை, வாதநோயோடு சேர்த்துக் கட்டப்பட்டது. ராகமை ஆஸ்பத்திரியின் பெயரிலேயே இரண்டும் இருக்கிறது. ஆகவே முழங்காலுக்கு மறுப்புச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. குனிந்து பார்த்தார். பார்த்து முடித்து நிமிர்ந்ததும் கேட்டார்: "அங்கிள், வீட்டில குந்துற கக்கூசா, கொமட்டா?"

போன விடுமுறைக்குத் தம்பி தன்னோடு படிக்கிற கூட்டத்தை நிலாவெளிக்குக் கூட்டிவந்திருந்தார். ஒருநாள் பகல் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஒருவரும் நேர்வழியில் இந்தப் படிப்புக்கு வந்தவரில்லை என்று அன்றுதான் தெரிந்தது. குருநாகல் பெடியன் பாடசாலைக் காலத்தில் வேகப்பந்து வீச்சாளர். முழங்கால் போய், மாதக்கணக்காகப் பயிற்சி செய்து, அதிலேயே ஆசை பிடித்தவர். தேசிய அணியோடு ஊர் ஊராகப் போகலாம் என்று கனவு கண்டவருக்கு இப்போது எழுபது வயதுக்காரருக்குக் கரண்டி பிடிக்கப் பழக்குவது வேலை. கிண்ணியாப் பெடியன் அதிகம் பேசவில்லை. 2009 இல் பாலம் திறக்குமுன் அவர்கள் ஊரிலிருந்து திருகோணமலை வரப் பாதைப் படகு ஏறவேண்டும். வாதம் விழுந்த வாப்பாவைக் கதிரையோடு தூக்கிப் பாதையில் வைத்தபோது ஒரு கால் தன் கையில் இருந்தது என்றார். கதிரையின் காலா, வாப்பாவின் காலா என்று எவரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை சத்திரசிகிச்சைக்குப் போகவிருந்தவ. கைக்குழந்தையோடு இரவு பகலாய் நிற்கமுடியாது என்று அவவுக்கு வேறு ஆட்கள் முடிவு செய்து கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் தம்பி? நொரிஸ் கெனால் வீதியில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்துக்குப் போகும்போது இருதயம் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர். அவருடைய அம்மா இன்னும் அயலட்டையில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறா.

இந்தத் துறையின் பெரியவர்களும் வேறெங்கோ போகப் புறப்பட்டவர்கள்தான் என்று கூட்டமாகச் சேர்ந்து எனக்கு வகுப்பெடுத்தார்கள். ஹோவர்ட் ரஸ்க் சென் லூயிஸ் நகரில் சாதாரண மருந்து டொக்டர். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானப்படை ஆஸ்பத்திரிக்குப் போய், காயம் ஆறியும் சும்மா படுத்திருந்த பெடியளைக் கண்டு திசை மாறியவர். மேரி வர்கீஸ் வேலூரில் டொக்டராக இருந்தவர். 1954 இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. பிறகு சில்லுக் கதிரையில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார், நியூயோர்க்கில் அதே ரஸ்கிடம் படித்தார், வேலூருக்குத் திரும்பி இந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். இந்தக் கதையை யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொன்னபோது மேசையில் சத்தமில்லை.

நல்ல இடத்தில் நிறுத்தியிருக்கலாம். எங்கள் தம்பி குட்மானைப் பிடித்துக்கொண்டார். ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்துக்கு ஓடிவந்த நரம்பு டொக்டர் லுட்விக் குட்மான் 1944 இல் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியின் முள்ளந்தண்டுப் பிரிவைப் பொறுப்பெடுத்ததும், 1948 இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாளிலேயே சில்லுக் கதிரைக்காரருக்கு வில்வித்தைப் போட்டி வைத்ததும், அது வளர்ந்து பராலிம்பிக் ஆனதும் எவரும் ரசிக்கக்கூடிய செய்தி. தம்பிக்கு அதில் அக்கறையில்லை. "அது பிறகு மாமா. அதுக்கு முதல் அந்த ஆக்கள் எதால செத்தவை தெரியுமோ?" என்று, நான் பருப்புக்கு மேல் சொதி விட்டுக்கொண்டிருக்கும்போது, படுக்கைப்புண்ணையும் சலப்பையில் தங்கிக் கிருமி பிடிக்கும் சலத்தையும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிவிட்ட அந்த மனிதரின் பிடிவாதத்தையும் நிறம், மணம் சகிதம் விபரித்தார். கூட இருந்த மூவரும் தலையாட்டிக்கொண்டு இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். நான் கை கழுவினேன்.

ஜெய்ப்பூர்க் காலைப் பற்றிச் சொல்லும்போதும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் சேத்தியும் சேர்ந்து செய்த கால். வெறுங்காலோடு வயலில் நடக்கலாம், சப்பாணி கட்டி இருக்கலாம். அதெல்லாம் தம்பிக்கு உபரி. "குந்தலாம் மாமா! வெள்ளைக்காரன்ர காலோட குந்த ஏலாது!" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

நடை பார்ப்பது, பஸ் மிதிபலகையின் உயரத்துக்குப் பெருமூச்சு விடுவது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் இடது தோள் இறங்கியிருக்கிறது என்று மாமனாரிடம் சொல்வது எல்லாம் சில்லறை. அவற்றை மன்னிக்கலாம்.

சாய்தளம் விஷயத்தில் அவரை மன்னிக்க வேண்டியதேயில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் ஊரில் ஒரு அலுவலகத்தில் சட்டத்துக்குப் பயந்து ஒன்று கட்டினார்கள், சிறுவர் பூங்காச் சறுக்குமரம் போல. மேலே ஏறி முடிக்கிற இடத்தில் ஒரு பூச்சாடி. கட்டியவர் மேல் பிழையில்லை, திறப்பு விழாவுக்கு அழகாக இருந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லாரும் போய்வர வழிவேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதி வந்தது. விழுந்த மரம் ஒன்றால் சில்லுக் கதிரைக்கு வந்த கிரிக்கெட் நடுவர், டொக்டர் அஜித் பெரேரா, உச்ச நீதிமன்றம் வரை போய் 2011 இல் கட்டளையும் வாங்கினார். எங்கள் பென்ஷன்காரர் ஒருவர் மட்டும் இன்றைக்கும் ஓட்டோவிலிருந்து இறங்காமல், உள்ளேயிருந்து பதிவேட்டை யாராவது வெளியே கொண்டுவரும்வரை வெயிலில் இருக்கிறார். மாதக்கணக்காக நடக்கப் பழக்கி, படியேறப் பழக்கி, பத்துக்குப் பத்துப் புள்ளி போட்டு அனுப்புகிறார்கள். வந்து பார்த்தால் கைப்பிடி இல்லாத படி. தம்பி அந்தச் சாய்தளத்தைப் படமெடுத்து, அளவும் எழுதிக் கடிதம் போட்டார். கவனத்தில் எடுக்கப்படும் என்று பதில் வந்தது. பூச்சாடியை எடுத்திருக்கிறார்கள். இப்போது அங்கே மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

என் சொந்த முறைப்பாடு வேறு. என் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்தபோது நான் இந்தத் தம்பியிடம் ஒரேயொரு கேள்வி கேட்டேன்: "கை வருமா?" ஓம் அல்லது இல்லை. இதைச் சொல்லத்தானே அரசாங்கம் இத்தனை வருடம் இலவசமாகப் படிப்பித்தது? "முதல் மூண்டு மாசமும் முக்கியம் மாமா. கால் வாற வேகத்துக்குக் கை வராது. அது கிடக்கட்டும், அம்மம்மா முதல்ல என்ன செய்ய ஆசைப்படுறா?" நான் கேட்டால் அவர் என்னைக் கேட்கிறார். சாத்திரியார்கூட இப்படி நழுவமாட்டார். அம்மா கட்டிலில் இருந்து, கோணிய வாயால், தெளிவாகச் சொன்னா: "கக்கூசுக்கு… தனிய."

தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நூறில் முப்பது.

அம்மா இப்போது தனியத்தான் போகிறா. சுவரில் கம்பி பூட்டியாயிற்று. குந்துற பீங்கானுக்கு மேல் ஓட்டைக் கதிரை வைத்தாயிற்று. படியைச் சாய்வாக்கிப் பூசியாயிற்று. கூலி, சீமெந்து எல்லாம் என் கணக்கு. கை? நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இந்த வகைக்கு அவசரம் தெரியாது. அன்று சாப்பாட்டுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளை அம்மாவின் அறைக்குள் போனா. அம்மா இடது கையால் சட்டைத் தெறி பூட்டப் போராடிக்கொண்டிருந்தா. என் மனைவி உதவப் போனபோது அந்தப் பிள்ளை அவவின் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றா. வெளியே வான் ஹோன் அடிக்கிறது, மற்றவர்கள் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போக நிற்கிறார்கள். நாலு தெறியும் பூட்டி முடியும்வரை அவ மணிக்கூட்டைப் பார்க்கவேயில்லை. ஒரு தெறி ஓட்டை மாறிப் பூட்டப்பட்டது. "அது கிடக்கட்டும் அம்மம்மா, வடிவாத்தான் இருக்கு" என்றுவிட்டுப் போனா. வார்ட் ரவுண்டில் முகம் நிமிராமல் கடந்துபோகும் பெரிய டொக்டர்மாரைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

தம்பிக்கு இப்போது கல்யாணப் பேச்சு. போன மாதம் உப்புவெளியில் பொம்பிளை பார்க்கப் போனோம். வேளாண்மைக் காணி தம்பலகாமத்தில், வீடு புதுசு, பிள்ளை வங்கியில் வேலை. கேசரி வந்தது, வடை வந்தது. வாசலில் நிற்கும்போதே நான் தம்பியின் காதுக்குள், "வாயைத் திறக்கக்கூடாது" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். அரைமணித்தியாலம் பொறுத்தார். பொம்பிளையின் அம்மம்மா பொல்லு ஊன்றி அறையிலிருந்து வந்ததும் கட்டுப்பாடு அறுந்தது.

"அம்மம்மா, இரவில எத்தினை தரம் எழும்புவீங்கள்?"

பொம்பிளையின் தகப்பனார் வடையைக் கீழே வைத்தார். கிழவி பொல்லைச் சுவரில் சாத்திவிட்டுத் தம்பிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தா. மூன்று தரம் எழும்புவது, போகிற வழியில் லைட் இல்லாதது, போன மார்கழியில் வழுக்கி விழுந்தது, அதை மகனுக்குச் சொல்லாமல் மறைத்தது எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் கொட்டினா. இருவரும் எழும்பிப் பின்பக்கம் போனார்கள். நாடா உருவும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

சம்பந்தம் பற்றி அவர்களிடமிருந்து இன்னும் ஒரு சொல் வரவில்லை. ஆனால் கம்பி என்ன தடிப்பில் வாங்கவேண்டும், நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் பூட்டவேண்டும் என்று கேட்டுக் கிழவி இரண்டு தரம் போன் எடுத்துவிட்டா.