ஒழுக்கியல், அல்லது மொறிஸ் மைனருக்குள் மழை புகுமாறு

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூலைத் தொடங்கினால் பண்டிதர்கள் கோபிப்பார்கள். ஆகவே: ஆய்வுக்களம், மன்னார்த்தீவின் தாராபுரம். ஆய்வுப்பொருள், 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று. கருதுகோள், அது ஒழுகுகிறது. முறையியல், நனைவது. இந்நூலின் பயன் யாதோ எனின், ஒழுக்கு நிற்பதன்று. ஒழுக்கைப் பற்றி ஒரு நூல் இருப்பதே பயன். இதற்கு ஆய்வுலகில் முன்மாதிரிகள் நிறைய உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலானோர் ஓய்வூதியம் பெறுகிறார்கள்.

முன்னாய்வுகள்

இத்துறையில் எமக்கு முன் உழைத்தோர் மூவர். முதல்வர் காரை விற்றவர். "ஒரு பொட்டுத் தண்ணி உள்ளுக்கு வராது தம்பி" என்பது அவர் துணிபு (வாய்மொழி, புத்தளம், ஆனி மாத நண்பகல்). இரண்டாமவர் எம் மச்சான். "எல்லாப் பழைய காரும் ஒழுகும்தானே" என்பது அவர் கொள்கை (வாய்மொழி, தன் புதிய வானின் ஜன்னலூடாக, கண்ணாடியைப் பாதி இறக்கி). மூன்றாமவர் பாஸ். இவர் கருத்து காலந்தோறும் மாறி வந்திருப்பதால் முற்காலப் பாஸ், இடைக்காலப் பாஸ், பிற்காலப் பாஸ் எனப் பகுத்து நோக்குதல் தகும். முற்காலப் பாஸ் கண்ணாடி றப்பர் என்றார். இடைக்காலப் பாஸ் கதவு என்றார். பிற்காலப் பாஸ் காரை விற்கச் சொல்கிறார். மூவரும் ஒருவரே என்பாரும் உளர்.

வாகன வரலாறு

மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில், பிறந்தவர். வேலை முடியும் தறுவாயில் கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நெடுக்காக நடுவால் வெட்டுவித்து, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். பொனற்றின் நடுவால் ஓடும் பட்டி அந்த அறுவையின் தழும்பு. இதைக் கேள்விப்பட்ட நாள்முதல், மழை அந்த 4 அங்குலத்தால்தான் வருகிறது என்று மச்சான் சாதிக்கிறார். அது பொருந்தாது. பொனற்றுக்குக் கீழே இருப்பது எஞ்சின். எஞ்சின் நனைந்ததாக முறைப்பாடு இல்லை; முறைப்பாடு உம்மாவிடமிருந்து வந்தது.

கொம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் காரைக் கண்ணிலே காட்டக்கூடாது. தண்ணீரில் உடைத்து அவித்த முட்டை என்று ஏசினார். தண்ணீர் பற்றிய குறிப்பு இவ்வளவு தெளிவாகக் கிடைத்தும் மேலைநாட்டு ஆய்வாளர்கள் அதனை வடிவத்தைப் பற்றிய வசவு என்றே கொண்டனர். மூலத்தைக் கவனமாக வாசிக்காமையால் வரும் கேடு இது.

1956 வரை முன்கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் ஒரு தண்டு. பிறகு வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. எல்லா வகையும் சேர்த்து 16 இலட்சத்துக்கு மேல் செய்து, எழுபதுகளின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய செய்தி இலங்கைக்குச் சரியாக எட்டவில்லை. இங்கே அவை ஓடிக்கொண்டே இருந்தன. போதாக்குறைக்கு மைனருக்கான உடற்தகடுகளை இங்கேயே அடித்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் செய்தார்கள். ஒழுக்கில் தன்னிறைவு கண்டு, மிச்சத்தைத் தாய்நாட்டுக்கே அனுப்பிய தேசம் இது.

வழிகளின் பாகுபாடு

மழைநீர் உட்புகும் வழிகள் ஐந்து. ஏன் ஐந்து எனின், திணை ஐந்து ஆதலால். ஆறாவது ஒன்று அகப்பட்டால் பெருந்திணையுள் அடக்குக.

கதவு. கதவுக்குள் தண்ணீர் வருவது குற்றமன்று. கண்ணாடி ஏறியிறங்கும் இடுக்கால் அது வரத்தான் செய்யும். வந்தது வெளியேறவே கதவின் அடிவிளிம்பில் துளைகள் வைத்திருக்கிறார்கள். தாராபுரத்து மணல் அத்துளைகளை அடைக்கும்போது தண்ணீர் உள்ளே திரும்பும். ஒரு கம்பியால் குத்திவிட்டால் தீர்ந்தது. இவ்வளவு எளிதாகத் தீர்வதால் இது ஆய்வுக்குத் தகுதியற்றது.

வைப்பர் தண்டு. றப்பர் வளையத்தை மாற்றுக. கிடைக்காது.

தரை. துருவால் விழுந்த ஓட்டைகளை மழை வரும் வழி என்பதைவிட, வந்த மழை போகும் வழி என்பதே பொருந்தும். அடைக்கற்க.

டிக்கி. பின்னர் காண்க.

மரச்சட்டம் பொருத்திய ட்ரவலர் வகையில் ஜன்னல் தவாளிப்பில் பாசி முளைக்கும். அது தாவரவியல், எம் துறையன்று.

ஐந்தாவது, முன்கண்ணாடி றப்பர். இனி அதுவே நூல்.

கண்ணாடி றப்பர்ப் படைகள்

பாஸ் ஸ்குறூட்றைவரோடு வந்து றப்பரைக் கிண்ட முற்பட்டபோது யாம் தடுத்தோம். "பாஸ், ஸ்குறூட்றைவர் வேண்டாம். தூரிகை எடுங்கோ" என்றோம். அவர் எம்மை நெடுநேரம் பார்த்தார். "தம்பி, எனக்கு அசருக்கு முன்னம் எருக்கலம்பிட்டிக்குப் போகோணும்" என்றார். ஆய்வும் அவசரமும் ஒருங்கே நில்லா.

அகழ்வில் ஐந்து பண்பாட்டுப் படைகள் வெளிப்பட்டன.

மேற்படை சிலிக்கன். பிழிந்த விரலின் ரேகை இன்னும் அழியவில்லை. ஒழுகும் இடம் தெரியாதவர் எல்லா இடத்திலும் பூசுவது இக்காலப் பண்பாட்டின் இயல்பு.

இரண்டாம் படை பட்டி. அதன்மேல் பெயின்ட். அதன்மேல் மீண்டும் பட்டி. இரண்டு பாஸ்மார் ஒருவரையொருவர் நம்பாத காலம் என்க.

மூன்றாம் படை தார். இங்கேதான் அறிஞர் உலகம் இரண்டாகப் பிரிகிறது. 1957 தொடக்கத்தில் வாகன இலக்கத்தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டது. தமிழர்கள் எதிர்த்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். 1958இல் தெற்கில் தமிழெழுத்துகளின்மேல் தார் பூசினார்கள். ஆகவே எம் கண்ணாடியில் உள்ளது அரசியல் தாரா, ஒழுக்குத் தாரா? அரசியல் தாரே, பூசி எஞ்சியது கண்ணாடிக்கு வந்தது என்பர் ஒருசாரார் (தேத்தண்ணிக் கடை, வலப்பக்க வாங்கு, சுவரோரம், கூற்றை மொழிந்தவர் பிளேன்டீக்குக் காசு கொடாமல் எழுந்து போனமையால் அவரைத் தொடர்ந்து ஆராய எமக்கு இயலவில்லை, கடைக்காரர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்). அற்றன்று, 1958இல் அந்தக் கார் புத்தம் புதிது, புதிய கார் ஒழுகாது, ஆதலால் தார் பிற்காலத்தது என்பர் மறுசாரார். புதிய மொறிஸ் மைனர் ஒழுகாது என்பதற்கு அவர்கள் சான்றொன்றும் காட்டவில்லை.

தாருக்கும் பட்டிக்கும் இடையில் புத்தளத்துச் செம்மண் ஒரு கோடாய் ஓடுகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் தாராபுரமும் சில நாள் அவகாசத்தில் விரட்டப்பட்டது. புத்தளத்தில்தான் போய் இருந்தோம். கார் வாய்த்ததும் அங்கேதான். அந்தக் கோட்டில் மட்டும் யாம் தூரிகை வைக்கவில்லை.

நான்காம் படை சூயிங்கம். பல் பதிந்திருக்கிறது. பாற்பல் என்பது எம் முடிவு. அக்காலச் சிறார் வாகனப் பராமரிப்பில் வகித்த பங்கு பற்றித் தனி நூல் எழுதலாம். எழுதினால் யாராவது அதற்குப் பட்டமும் கொடுப்பார்கள்.

அடிப்படை சவர்க்காரம். இது கண்ணாடி பூட்டிய நாளைச் சேர்ந்தது. றப்பரின் உதட்டுக்குள் ஒரு நூற்கயிற்றைச் சுற்றி வைத்து, சவர்க்காரத் தண்ணீர் தடவிக் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, உள்ளிருந்து கயிற்றை மெல்ல மெல்ல இழுத்தால் உதடு தகட்டின்மேல் ஏறி உட்காரும். இது பாஸ்மார் அறிந்த கலை. அதன்கீழ் கன்னித் தகடு கிடைக்கும் என எதிர்பார்த்தோம். துரு கிடைத்தது.

சவர்க்காரத்துக்கும் துருவுக்கும் இடையே ஒரு தொல்பொருள். சதுரமான ஐந்து சதம். ஆண்டு தேய்ந்துபோயிருந்தது, ஆய்வுக்கு இதைவிட வாய்ப்பு வேறென்ன? பாஸ் எட்டிப் பார்த்து, "றப்பர் லூசாக் கிடந்திருக்கும், இறுக்கிறதுக்குச் செருகி விட்டிருக்கிறாங்கள்" என்றார் (காருக்கடியில் போகுமுன் மொழிந்தது, பிறகு அடியில் கிடந்தபடி திரும்பவும் மொழிந்தார், வாயில் நட்டு இருந்தமையால் இரண்டாஞ் சொல் ஐயத்துக்குரியது, "றப்பர்" என்பது எம் பாடம், "குப்பை" எனப் பாடங்கொள்வாரும் உளர், பிரதி ஒன்றே ஆதலால் ஒப்புநோக்க வழியில்லை, மற்றொரு பிரதி வேண்டி அவரை வெளியே வரச் சொன்னோம், வரவில்லை). இவ்வளவு எளிய விளக்கத்தை ஆய்வுலகம் ஏற்காது. மன்னார் பண்டுதொட்டுக் கடல்வணிகத்தின் வாசல். கண்ணாடி இடுக்கில் கிடைத்த நாணயம் அவ்வணிகத்தின் தொடர்ச்சியைக் காட்டும் என்றே கொள்க.

இப்படிச் சொல்லத் தயங்க வேண்டாம். கரையைத் தாண்டினால் திருக்கேதீச்சரத்துப் பக்கம் மாந்தை இருக்கிறது. ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் 1980 முதல் 1984 வரை அங்கே தோண்டினார்கள். சீனத்து ஓடுகள் கிடைத்தன. போர் வந்து வேலை நின்றது. முழு அறிக்கை 2013இல் நூலாயிற்று. அவர்களுக்குப் போர் என்ற நியாயம் இருந்தது. எந்தப் போரும் குறுக்கிடாமலே அதைவிட நீண்டகாலம் அறிக்கையை மடியில் வைத்திருப்போரை யாம் அறிவோம். அவர்கள் வாகனங்களில் வருகிறார்கள், பள்ளிமுனைப் பெருக்க மரத்தைக் கட்டிப்பிடித்து 19 மீற்றர் சொச்சம் என அளக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். மரத்தைப் பற்றி அடுத்தவர் எழுதும்போது முந்தியவரின் அளவைப் பிழை என்கிறார். மரம் வளர்ந்திருக்கலாம் என்று ஒருவரும் எழுதக் காணோம்.

காற்றுப் படலம்

மன்னார்த்தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கிறது. மதவாச்சியிலிருந்து வரும் ஏ14 வீதியும் மன்னார் நகரைக் கடந்தபின் அந்த வாக்கிலேயே தலைமன்னாருக்கு ஓடுகிறது. மாரியில் வாடை வடகிழக்கால் அடிக்கும். எனவே பேசாலைக்குப் போகும்போது மழை காரின் வலப்பக்கத்தில் அறையும், சாரதி நனைவார். திரும்பும்போது இடப்பக்கம், பக்கத்தில் இருப்பவர் நனைவார். போகையில் "உம்மா, ஒழுகுது" என்றால் "எங்க வாப்பா ஒழுகுது? எனக்கு ஒண்டும் இல்லையே" என்பார். வருகையில் அவர் "ஒழுகுது" என்பார், யாம் "எங்க?" என்போம். இருவர் கூற்றும் மெய். இருவரிடமும் சான்று உண்டு. ஆய்விதழ்களில் இருபது ஆண்டு ஓடும் விவாதங்கள் பலவற்றை இந்த முறையில் தீர்க்கலாம். ஒருவர் போகும்போது எழுதியிருப்பார், மற்றவர் வரும்போது எழுதியிருப்பார்.

செய்முறை

ஒழுக்கியலில் ஐயத்துக்கிடமில்லாத விதி ஒன்றுதான்: சொட்டும் இடம் வேறு, புகும் இடம் வேறு. தகடும் தகடும் சேரும் மூட்டு வழியே தண்ணீர் நூல்பிடித்து ஓடி, தடை எதிர்ப்பட்ட இடத்தில் விழும். டாஷ்போட்டுக்குக் கீழே உம்மாவின் காலில் விழுந்த துளி, கண்ணாடியின் மேல்மூலையில் புறப்பட்டிருக்கலாம். காலடியைப் பூசி அடைப்போர் காலமெல்லாம் பூசுவர்.

ஆகவே கார்ப்பெற்றைக் கழற்ற வேண்டும். அதன் அடியில் உள்ள சாக்குப்படை பழைய மழையை வாரக்கணக்கில் ஏந்தி வைத்திருந்து புது ஒழுக்கென நடிக்கும். தகட்டைத் துடைத்து உலர்த்தி, மூட்டுகளில் முகப்பவுடர் தூவுக. வெளியே தண்ணீரை மெல்லிதாக, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் சற்று நேரம் நின்று நின்று விடுக. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒருசேர நனையும், அறிவது ஒன்றுமில்லை. உள்ளே ஒருவர் டோர்ச் லைற்றோடு குந்தியிருந்து, பவுடரில் கோடு விழும் தடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சிறியவராய், நேர்மையாளராய், பசியற்றவராய் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவர் எம் வீட்டில் இல்லை. மருமகனை உட்கார்த்தினோம். "வருதா?" என்றால் "இன்னும் இல்லை மாமா" என்றான். பிறகு சத்தமே இல்லை. நித்திரை. நல்ல தண்ணீர் அருமையான தீவில் அவ்வளவு தண்ணீரைக் காரில் ஊற்றியதற்கு வீட்டார் தெரிவித்த கண்டனம் இங்கே பதிப்பிக்கத் தக்கதன்று.

அவன் எழும்பிய பிறகு, இடப்பக்கக் கீழ்மூலையிலிருந்து பவுடரில் ஒரு கோடு இறங்கியது தெரிந்தது.

ஆய்வின் வரையறை

மன்னாரில் ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். இதனால் தை மாதம் அடைத்த ஒழுக்கு எதுவும் ஆவணி வரை ஒழுகிய வரலாறு இத்தீவில் இல்லை. எல்லாப் பாஸ்மாரும் கைதேர்ந்தவர்கள், எல்லாச் சிலிக்கனும் முதல்தரம், எல்லாக் கோட்பாடும் நிறுவப்பட்டது. யாமும் எம் முடிவுகளைச் சித்திரையில் வெளியிட எண்ணியிருந்தோம். பாஸ் அதைக் கெடுத்துவிட்டார். கார்த்திகையில் புது றப்பர் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வந்து, துருவைச் சுரண்டி, கயிறு சுற்றி, சவர்க்காரத் தண்ணீர் தடவி, பின்னேரத்துக்குள் கண்ணாடியைப் பூட்டினார். அன்றிரவே மழை. முன்பக்கத்தில் ஒரு துளி இல்லை. எம் துறைக்கு இது பேரிழப்பு.

எனினும் டிக்கி இருக்கிறது. அதற்கடியில் ஸ்பெயார் ரயர் கிடக்கும் தட்டில் தண்ணீர் தளும்பும் சத்தம் ஒவ்வொரு வளைவிலும் கேட்கிறது. ரயரை வெளியே இழுத்துப் பார்த்தால் வழி தெரிந்துவிடும் என்கிறார் பாஸ். இழுக்கவில்லை. அது அடுத்த கட்டுரை.