அந்த இதை எடுத்து இது பண்ணு

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனி. ஷிப்ட் தொடங்கிய அவசரத்தில் லைன் சூப்பர்வைசர் அப்பரண்டிஸ் பையனிடம் சொல்கிறார்: “தம்பி, அந்த இதை எடுத்து இதுல வச்சு லேசா இது பண்ணு.” பையன் ஸ்பேனரை எடுக்கிறான், நட்டில் வைக்கிறான், அரைச் சுற்று முறுக்குகிறான். வேலை முடிந்தது.

எந்தத் தமிழாசிரியரும் இந்த வாக்கியத்தில் குறை காண முடியாது. இரண்டாம் வேற்றுமை இருக்கிறது, ஏழாம் வேற்றுமை இருக்கிறது, வினையெச்சம் ஒழுங்காக வந்து ஏவலில் முடிகிறது. எதை, எதில், என்ன செய்ய என்ற மூன்று சில்லறை விஷயங்கள்தான் இல்லை.

அதே சூப்பர்வைசர் அடுத்த ஸ்டேஷனில் நிற்கும் ஒடிசா இளைஞரிடம் போகிறார். “பையா, போல்ட் டைட். டைட் நஹி, லைன் பந்த். கல் ஆடிட்!” இங்கே முக்கியச் சொற்கள் மட்டும்தான், உருபு, விகுதி எதுவும் கிடையாது. “டீக் ஹை அண்ணா” என்று பதில் வருகிறது. முதலில் ஒட்டு மட்டும் வந்தது, பிறகு சரக்கு மட்டும் வந்தது. பேசும்போது மனசு இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் எடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல டெமோ கிடைக்காது.

ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பிடித்தது வாய் தவறிய இடங்களில். அமெரிக்க உளவியலாளர் மெரில் காரெட், மக்கள் உளறிய வாக்கியங்களைச் சேர்த்து அலசி 1975இல் எழுதினார். இரண்டு முக்கியச் சொற்கள் இடம் மாறும்போது அவற்றோடு இருந்த விகுதிகள் பல நேரம் கூடப் போவதில்லை. இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர் “டிபன் பாக்ஸைப் பையில வை” என்று சொல்ல நினைத்து “பையை டிபன் பாக்ஸ்ல வை” என்பார். பையும் பாக்ஸும் இடம் மாறிவிட்டன; ‘ஐ’யும் ‘ல’வும் அசையவே இல்லை.

அதாவது, மனசுக்குள் முதலில் ஒரு ஜிக் வந்து நிற்கிறது. உருபுகள் அதிலேயே வெல்டிங் ஆனவை. முக்கியச் சொற்கள் ஸ்டோரிலிருந்து வந்து அதில் உட்கார வேண்டும். சாதாரணப் பேச்சு நொடிக்கு இரண்டு மூன்று சொல் வேகத்தில் ஓடுகிறது. தெரிந்த படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லத் தொடங்கவே சுமார் 600 மில்லிவினாடி ஆகிறது. சரக்கு தாமதமானால் லைனை நிறுத்த முடியுமா? ‘இது’வை வைத்து அனுப்பிவிடுகிறோம்.

சொல் வரவில்லை என்பதற்காக அது தெரியாது என்று ஆகிவிடாது. ஹார்வர்டைச் சேர்ந்த ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் 1966இல் வெளியிட்ட சோதனையில், அரிய சொற்களின் பொருளை வாசித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது என்று தவித்தவர்களில் பலர் முதல் எழுத்தையும் எத்தனை அசை என்பதையும் சரியாகச் சொன்னார்கள். நட்டு போல்ட்டு விஷயத்தில் நம் சூப்பர்வைசருக்கு அந்தத் தவிப்பும் இல்லை. கண் ஜாடை இருக்கிறதே.

ஒடிசா இளைஞருக்கு விகுதியில்லாமலே விளங்கியதற்கு வேறு காரணமும் உண்டு. தமிழைப் போலவே ஒடியா, இந்தி, வங்காளம், அசாமியம் எல்லாவற்றிலும் வினை கடைசியில்தான் வரும். விகுதியைப் பிடுங்கினாலும் வரிசை கலைவதில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவைக் கொண்டுவந்த கொரியர்களின் மொழியும் அப்படியே, ஜப்பானியமும் அப்படியே. 2010இல் ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் ஒரே ஆலையைத் திறந்தபோதுதான் சிக்கல்: பிரெஞ்சுக்காரர் வினையை நடுவில் வைப்பார், ஜப்பானியர் கடைசி வரை காக்கவைப்பார். 2012இல் டைம்லர் லாரி ஆலையோடு வந்த ஜெர்மன்காரர்கள் இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில், துணை வாக்கியத்தில் கடைசியில்.

பெயர்களில் மனசு செய்யும் குளறுபடி தனிக் கதை. ஆள் பெயர் ‘இது’வுக்குக் கட்டுப்படாது. அதனால் மனசு சரியான ராக்குக்குப் போய்ப் பக்கத்துச் சரக்கை எடுத்துவிடுகிறது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தாரைக் குடும்பத்தார் பெயராலும் நண்பர்களை நண்பர்கள் பெயராலும்தான் மாற்றிக் கூப்பிடுகிறார்கள் என்று கண்டார்கள். நாயின் பெயர் குடும்பப் பட்டியலில் இருந்தது. பூனையின் பெயருக்கு அநேகமாக இடமில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் இதை எழுதுகிறவரின் பெரியம்மா வீட்டில் பூனையும் உண்டு, நாயும் உண்டு. பூனைப் பெயரால் பெரியம்மா இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. பெரிய மகனைக் கூப்பிட வேண்டுமென்றால், தம்பி பெயர், சின்ன மகன் பெயர், பேரன் பெயர் என்று வரிசையாகப் போய், கடைசியில் “டேய் மணி, சாப்பிட வாடா” என்பார். மகனும் வருவார், மணியும் வாலை ஆட்டிக்கொண்டு வரும்.