செயலாளர் வந்திருக்கிறார்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு கலாசமிதி இருக்கும். தலைவர் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பொருளாளர் யார் என்று கேட்டால் சிரிப்பார்கள். செயலாளர் விஷயத்தில் மட்டும் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. கக்கத்தில் ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா, துணிப்பைக்குள் ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும். சமிதி ஆபீஸ் எங்கே என்று தேட வேண்டாம், அந்தத் துணிப்பைதான்.

அவருக்கு உருமி அடிக்கத் தெரியாது. வள்ளிக்கும்மியில் நிறுத்தினால் எல்லாரும் வலப்பக்கம் திரும்பும்போது இவர் இடப்பக்கம் திரும்புவார். ஆனால் நிவேதனம், அதாவது மனு, எழுத உட்கார்ந்தால், 'மாண்புமிகு எம்எல்ஏ அவர்கள் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்த கை 'இப்படிக்கு' வரும்வரை நிற்காது. ஊரில் மேளக்காரர், பாட்டுக்காரர், வேஷக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். நாள் தவறாமல் சாதகம் செய்கிறவர் இவர் ஒருவர்தான்.

இந்த இனத்தில் இரண்டு வகை. சித்தூர் தாலுகா வகை, "ஏனுங் சார், நம்ம சமாச்சாரம் என்னாச்சுங்க?" என்று பணிவாகக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்கும். இடுக்கி மாவட்டத்து மூணாறு வகை, "என்னண்ணே, போன வாட்டி சொன்னீங்களே?" என்று எடுத்த எடுப்பில் பிடித்துக்கொள்ளும், எஸ்டேட் யூனியனில் பழகிய தொண்டை. பாலக்காட்டு நிவேதனம் சித்தூர் குருமடத்தையும் துஞ்சத்து எழுத்தச்சனையும் வணங்கிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். இடுக்கி நிவேதனத்துக்கு முதல் பாராவில் கண்ணகி கட்டாயம். குமுளிக்கு மேலே மங்கலதேவிக் கண்ணகி கோயிலுக்கு ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று, தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் சேர்ந்து பக்தர்களை அனுமதிக்கின்றன. இரண்டு சர்க்கார் அதிகாரிகளும் ஒரே இடத்தில் அகப்படும் நாள் அது. மூணாறு செயலாளர் தேங்காய் பழத்தோடு ஃபைலையும் எடுத்துக்கொண்டு மலையேறுவார்.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள தமிழர்கள் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். செயலாளர் எப்போதும் இரண்டு பிரதி வைத்திருப்பார். சட்டத்தை நம்பித் தமிழில் ஒன்று, நம்பாமல் மலையாளத்தில் ஒன்று. 2021இல் தேவிகுளம் எம்எல்ஏ ஏ. ராஜா சட்டமன்றத்தில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தபோது, மூணாறு செயலாளர் அந்தப் படத்தைக் கத்தரித்து ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டினார். மலையாளப் பிரதியை மட்டும் எடுக்கவில்லை.

அவருடைய வாதங்களில் வலுவானது தோல்பாவைக்கூத்து. பாலக்காட்டுப் பக்கத்துக் காளி கோயில்களில் கூத்துமாடம் கட்டி, திரைக்குப் பின்னால் 21 விளக்கேற்றி, இரவு முழுக்கக் கம்பராமாயணம் சொல்கிறார்கள். பாட்டு தமிழ், ஊர் மலையாளம். தாருகாசுரனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்காமல் விட்டுப்போன பத்ரகாளிக்காகத்தான் இந்தக் கூத்து என்பது ஐதிகம். ஆகவே எதிரே ஒரு மனிதர் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். இந்தக் கலைக்காக ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வள்ளிக்கும்மிக்காகக் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பத்ரப்பனுக்கு 2024இல் கிடைத்தது. இரண்டு செய்தியும் ஃபைலில் ஜெராக்ஸாக இருக்கின்றன. "காளியாத்தா ஒருத்திதானுங்க யூட்டிலைசேஷன் சர்ட்டிபிகேட் கேக்காமக் கூத்துப் பாக்கறவ" என்பார்.

எல்லையில் இருப்பதன் லாபமும் அவருக்கு உண்டு. 1956 நவம்பர் 1க்கு முன்னால் பாலக்காடு சென்னை ராஜ்யத்தில் இருந்தது, சித்தூரும் மூணாறும் திருவிதாங்கூர்-கொச்சியில். இன்றைக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டால், "நீங்க கேரளமாச்சே" என்கிறார்கள். இந்தப் பக்கம் கேட்டால், "இது தமிழ்க்கலையல்லவா" என்கிறார்கள். செயலாளர் சளைப்பதில்லை. கொங்குப் படை தோற்றோடியதைக் கொண்டாடும் சித்தூர் கொங்கன்படைத் திருவிழாவுக்கே, கொங்குத் தமிழ் பேசிக்கொண்டு மைக் செட்டுக்கு வசூல் செய்கிறவர் அவர்.

அமெரிக்காவிலும் இந்த இனம் உண்டு. கலைகளுக்கென்று 1965லேயே தேசிய நிதி அமைப்பு வந்த நாடு அது. இருந்தும் கலை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் கோட்டு மாட்டிக்கொண்டு வாஷிங்டனுக்குப் போய், கலைக்குப் போட்ட டாலர் ஊருக்கு எத்தனை டாலராகத் திரும்புகிறது என்று காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கணக்குக் காட்டுகிறார்கள். இதைச் சொன்னபோது செயலாளருக்கு ஆச்சரியமே இல்லை. "நோம்பிக்கு ஒரு உருமி சத்தங் கேட்டா எத்தன பொரிகடலக் கடை, வளையக் கடை, ஐஸ் வண்டி வருதுங்க? அதத்தான நானும் எழுதறன்."

எம்எல்ஏ ஆபீஸில் அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும்.

"ஆறு உருமி வேணுங்க. புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வாத்தியாருக்கு மாசம் ஏதாச்சும்..."

"செயலாளரே, கட்டடம் ஏதாவது உண்டா, கட்டடம்?"

இதில் எம்எல்ஏவைக் குறை சொல்லிப் பயனில்லை. 1993இல் வந்த எம்பி தொகுதி நிதியில் ஆண்டுக்கு 5 கோடி இருக்கிறது. ஆனால் அது நிலைத்து நிற்கிற சொத்துக்கு. எம்எல்ஏவின் பெரிய நிதிக்குப் பெயரே ஆஸ்தி வளர்ச்சி நிதி. பஸ் வராத ஊரிலும் பஸ் காத்திருப்புக் கூடமும் அதன் நெற்றியில் எம்பி பெயரும் இருப்பது இதனால்தான். உருமித் தோல் கிழிகிற சாதி. வாத்தியார் சாகிற சாதி. சிமென்ட்டைத்தான் சர்க்காருக்குத் தெரியும். ஒரு நாட்டில் கலை இருக்கிறதா என்று தணிக்கையாளர் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விதி செய்தவர், ஒரு நாளாவது கூத்துப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

எனவே நிவேதனம் உருமாறியது. ஆறு உருமி, ஆறு உருமியை வைக்க ஓர் அறை ஆயிற்று. அறைக்கு முன்னால் திண்ணை வந்தது. திண்ணை உயர்ந்து திறந்தவெளி அரங்கமாயிற்று. கடைசி எஸ்டிமேட்டில் கழிப்பறை, சுற்றுச்சுவர், கேட்டு எல்லாம் இருந்தன. உருமி இல்லை.

பட்ஜெட் சமயத்தில் செயலாளர் பாலக்காட்டில் இரவு அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறித் திருவனந்தபுரம் போவார். எம்எல்ஏ ஹாஸ்டல் வராந்தாவில், கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கவிஞர் வள்ளத்தோள் கதையைச் சொல்வார். கதகளியைக் காப்பாற்ற வள்ளத்தோள் லாட்டரிச் சீட்டு விற்றுப் பணம் சேர்த்தார். 1930இல் கலாமண்டலம் பிறந்தது. 1941இல் கொச்சி சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. "அன்னிக்கு அவர் லாட்டரி வித்தாருங்க. 1967லருந்து கவர்மென்டே லாட்டரி விக்குது. நமக்குத்தான் ஒண்ணும் விழல."

ஒரு வருஷம் விழுந்தது. பட்ஜெட்டின் பின்னிணைப்பில் அரங்கத்தின் பெயர் இருந்தது. எதிரே தொகை: 100 ரூபாய். கேரள பட்ஜெட்டில் இது வாடிக்கைதான். வேலையைப் பட்டியலில் உட்கார வைக்க டோக்கனாக நூறு போடுவார்கள். மெய்யான பணம் பிறகு வரும், அல்லது வராது. அந்த நூறுக்கு நன்றி சொல்லிக் கொழிஞ்சாம்பாறை ஜங்ஷனில் கட்டிய ஃபிளெக்ஸுக்கே ஆயிரத்துச் சொச்சம் ஆயிற்று. அதில் எம்எல்ஏ படம் பெரிதாகவும் செயலாளர் படம் நடுத்தரமாகவும் இருந்தன. உருமிக்காரர் படத்துக்கு இடம் போதவில்லை.

சிரிக்கிறோம். ஆனால் 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த பள்ளிக் கலோல்சவத்தில் பழங்குடிக் கலைகள் ஐந்து முதன்முறையாகப் போட்டி மேடை ஏறின. அட்டப்பாடியின் இருள நடனம், இடுக்கியின் பளிய நடனம், மறையூர்ப் பக்கத்து மலப்புலயாட்டம் அவற்றில் மூன்று. இரண்டு வகைச் செயலாளர்களும் அதைத் தங்கள் நிவேதனத்தின் வெற்றி என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. இப்படிப்பட்ட காரியம் எதுவும் யாரோ ஒருவர் போய் நின்று நச்சரிக்காமல் நடந்ததாக எனக்கு நினைவில்லை. உருமிக்காரர் போய் நிற்க மாட்டார். அவருக்கு அன்றைக்கு வேலை இருக்கும்.

நடுவில் ஒரு தேர்தல் வந்து போன பிறகு அரங்கத்துக்கு நிஜப் பணம் வந்தது. கான்கிரீட் போடுகிற அன்றைக்கு வடநாட்டுப் பணியாளர்கள் ஊருக்குப் போயிருந்ததால் கான்டிராக்டருக்கு ஆள் போதவில்லை. சட்டி தூக்க உருமிக்காரரைக் கூப்பிட்டார்கள். பேசின கூலியைச் சாயங்காலமே கையில் கொடுத்தார்கள்.

செயலாளர் அந்த ஆண்டறிக்கையைத் தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக எழுதி ஸ்டாம்பு வைத்து அனுப்பினார். 'அரசு நிதியால் நேரடியாகப் பயனடைந்த கலைஞர்கள்' என்ற இடத்தில், கொஞ்சமும் சிரிக்காமல், 'ஒருவர்' என்று எழுதி, கூலிச் சீட்டின் ஜெராக்ஸை இணைத்திருந்தார்.